பின்வரிசையில் எழுந்து நின்றவர்

தோற்கட்டும் என்று பிச்சைமுத்து நினைத்தார். நினைத்ததும், பக்கத்து இருக்கைக்காரிக்குக் கேட்டுவிட்டதோ என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். சிஹோ என்கிற அந்தப் பெண் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு மேடையையே பார்த்திருந்தாள். மகள் ஜெயக்கொடிக்கு ஒரு வருஷம் இளையவள், அதே வாத்தியம் படிக்கிறவள். தேர்வு முடிகிறவரை அப்பாவைப் பார்த்துக்கொள் என்று மகள் இவளிடம் இவரை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். பார்த்துக்கொள்வதாம்! மில் வாசலில் லத்திக்கு முதுகைக் கொடுத்து நின்ற மனுஷனை இந்தக் கொத்தவரங்காய் பார்த்துக்கொள்கிறது. கக்கூஸ் எங்கே என்று காட்டுகிறது. இருமல் வந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையில் மிட்டாயைத் திணிக்கிறது. இந்த மண்டபத்தில் இருமக் கூடாதாம், கைதட்டக் கூடாதாம், கதவைத் திறந்து வெளியே போவதென்றால்கூட ஒருத்தர் வாசித்து முடித்து இன்னொருத்தர் ஆரம்பிப்பதற்குள் போய்விட வேண்டுமாம். மனிதன் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பதற்கென்றே மரத்தை இழைத்து இழைத்துக் கட்டிய கட்டடம். கோவில்பட்டியில் இத்தனை அகலத்துக்கு ஒரு இடம் கிடைத்தால் மூவாயிரம் பேரை நிறுத்திப் பேசலாம், இங்கே இருபது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் தேர்வாளர்கள் ஐந்து பேர், நடுவில் ஒரு கிழவி, வெள்ளை முடி, கறுப்புக் கோட்டு. அவளுக்கு முன்னால் ஒரு மணி. லாட்ஜ் மேசையில் வைத்திருப்பார்களே, தலையில் தட்டினால் டிங் என்னும், அந்த மாதிரி மணி. ஜெயக்கொடி இந்தக் கல்லூரியில் படிக்கும் நாலாவது வருஷம் இது, கடைசித் தேர்வும் இதுதான். தேறினால் மேற்படிப்பு, உதவித்தொகை, அதற்கப்புறம் இந்த டோக்கியோவிலேயே எந்தப் பேண்டுக் குழுவிலாவது வேலை, அதற்கப்புறம் என்ன, கண்ணாடிக்குள் தெரிகிற முகம்தான், போனில். தேறாவிட்டால் பங்குனி பிறக்கும்போது ஊரில் இருப்பாள். தோற்கட்டும். பெற்ற தகப்பன் நினைக்கிற நினைப்பா இது என்று பெண்டாட்டி சீனியம்மா இருந்தால் கேட்பாள். அவள் செத்து இரண்டு வருஷம் ஆகிறது, செத்தும் கேட்கிறாள். கேட்டுக்கொண்டே இருடி.

மேடையில் கண்ணாடி போட்ட ஒரு பையன் ஊதிக்கொண்டிருந்தான். மடியில் வைத்து, பிள்ளையை அணைத்ததுபோல் அணைத்துக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம், ஊரில் பேண்டு செட்டுக்காரர்கள் யூபோனியம் என்பார்கள். இங்கேயும் அதே பேர்தான் என்பது பிச்சைமுத்துவுக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது. வார்த்தை இல்லாத சங்கீதம். எதற்காக ஊதுகிறான், யாருக்கு எதிராக ஊதுகிறான்? ஒரு கோரிக்கை கிடையாது, ஒரு சேதி கிடையாது, மேலே ஏறுகிறான், கீழே இறங்குகிறான், பியானோக்காரன் அவனுக்குப் பின்னாலேயே ஓடுகிறான், வீட்டு நாயும் எசமானும்போல. நன்றாகத்தான் ஊதுகிறான், அதில் என்ன? நன்றாக நூற்கிற மிஷினும்தான் இருக்கிறது. பையன் ஒரு ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தான், கிழவி கையை நீட்டி மணியைத் தட்டினாள். டிங். அவ்வளவுதான். கத்தரித்ததுபோல் நின்றது. வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்தான், எழுந்தான், இடுப்பு வரைக்கும் குனிந்தான், போய்விட்டான். எதிர்த்து ஒரு பார்வைகூட இல்லை! பிச்சைமுத்து சிஹோவின் பக்கம் சாய்ந்து, "மணி எதுக்கு?" என்று தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய ஆங்கிலம் துண்டுப்பிரசுரங்களிலும் தொழிலாளர் கோர்ட்டிலும் கற்றது. லாக்-அவுட், லே-ஆஃப், விக்டிமைசேஷன் எல்லாம் மணிமணியாக வரும், தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. சிஹோ வாயைக் கையால் மூடிக்கொண்டு, "போதும் என்று அர்த்தம்" என்றாள். போதும். அதுதானே. போதும், இறங்கு. திருநெல்வேலி மாநாட்டில் தலைவர் தட்டினாரே, அதுவும் போதும் என்றுதான் அர்த்தம். போனஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது துரோகம் என்று பிச்சைமுத்து சொல்லிக்கொண்டிருந்தபோது, எந்தெந்தத் தலைவர் எந்தெந்த மேனேஜர் வீட்டில் காபி குடித்தார் என்று பேர் சொல்லப்போகும் நேரத்துக்கு, தோழர் நேரமாயிற்று, டிங். மைக்கை அணைத்தார்கள். அவர் இறங்கவில்லை, மைக் இல்லாமலே பேசினார், ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள், அடுத்த மாதம் கட்சியிலிருந்தும் வெளியே விட்டார்கள். மீதி இருந்த பேச்சு இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம். சில ராத்திரிகளில் சுவரைப் பார்த்து அதை முடித்து வைப்பார். இந்தப் பையனுக்கும் மீதி இருக்கும் அல்லவா, உள்ளே, அந்த ஏற்றத்தின் மறுபாதி? அதை எங்கே கொண்டுபோய் வைப்பான்? குனிகிறான். குனிந்தே வளர்ந்த ஜனம்.

நேற்று ஜெயக்கொடி தன்னுடைய அறையில் தீப்பெட்டிமாதிரி அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டு சொன்னாள்: "யப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அங்க என்ன நடந்தாலும் எந்திரிக்காதீங்க." "நான் எதுக்குத் தாயி எந்திரிக்கப் போறேன்?" "பள்ளிக்கூட ஆண்டு விழாவுல எந்திரிச்சீங்களே, தாசில்தாருக்குச் சேர் போட்டிருக்கு, தாய்மாருக்கு ஏன் போடலன்னு. அது மாதிரி." "போட்டானா இல்லையா?" "போட்டாங்க. எனக்கு அந்த வருஷம் பரிசு குடுக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கரண்டியை ஆட்டிக்கொண்டு. பிறகு, "நடுவுல ஒரு மெதுவான பகுதி வரும்பா, மூணாவது நிமிஷத்துக்கு மேல. அது மட்டும் உங்களுக்குப் புடிக்கும், மத்ததக் கழிச்சு விட்டுருங்க" என்றாள். ஏன் பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் மதித்ததுபோல் ஆகிவிடும். இந்தப் படிப்பை அவர் ஒருநாளும் மதித்ததில்லை, அது அவளுக்கும் தெரியும், அவள் ஜப்பானுக்கு விமானம் ஏறிய அன்றைக்குத் திருச்செந்தூரில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார், அங்கே கூட்டம் எதுவும் இல்லை, கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பினார். வாத்தியத்தில் குற்றமில்லை. வாத்தியம் தேவசகாயம் பேண்டு செட்டிலிருந்து வந்தது. ஊர்வலத்துக்குப் பிச்சைமுத்து அவர்களைத்தான் கூப்பிடுவார், சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் வாசிக்கிறவர்கள், சிவப்புக் கொடிக்கும் அதே உடுப்பில் அதே நெஞ்சோடு வாசிப்பார்கள். எட்டு வயசில் ஜெயக்கொடி அந்தப் பித்தளையின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பத்து வயசில் ஊதினாள். தேவசகாயம் சொல்லிக்கொடுத்தான், அதற்கு ஒரு மரியாதை உண்டு, உழைக்கிறவன் உழைக்கிறவனுக்குக் கொடுத்தது. அப்புறம் நடந்ததுதான் நாறிப்போனது. சென்னைக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஜப்பான் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாகப் போனாள், போகாதே என்றார், வேறு சோறு இருக்கா என்றாள். ஆயுத பூஜைக்கு அங்கே எதையோ வாசித்திருக்கிறாள். ஜெனரல் மேனேஜர், ஜப்பான்காரன், பள்ளிக்கூடத்தில் பேண்டு வாசித்தவனாம், அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தானாம், அவன் கண்ணில் தண்ணி வந்துவிட்டதாம். முதலாளி கண்ணில் தண்ணி! அந்தத் தண்ணியில்தான் இவள் மிதந்து இங்கே வந்து சேர்ந்தாள். மொழி படிக்க வைத்தான், நுழைவுத் தேர்வுக்கு ஏற்பாடு செய்தான், யாரையோ பிடித்து உதவித்தொகை வாங்கிக்கொடுத்தான். ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் கேட்டான்: என்ன தோழர், மேனேஜ்மென்ட் நமக்கு எதிரின்னீங்க, உங்க பொண்ணுக்கு மட்டும் மாமனாகிட்டானா? டீக்கடையில், பஸ்ஸில், கருமாதி வீட்டில். அந்தச் சிரிப்புகளை எல்லாம் சேர்த்தால் இந்த மண்டபம் கொள்ளாது.

இன்னொரு பெண் வந்தாள், குனிந்தாள், ஊதினாள், டிங். இடைவெளியில் சிஹோ குனிந்து, "சௌகரியமாக இருக்கிறதா?" என்று கேட்டாள். பிச்சைமுத்துவுக்குச் சட்டென்று ஒரு பழைய கேள்வி ஞாபகம் வந்தது, முப்பது வருஷமாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்தது. ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் எதிர்ப்பக்க மேசைக்காரன் தவறாமல் சொல்வான்: ஜப்பானைப் பாருங்கள், அங்கே தொழிலாளிக்குக் கோபம் வந்தால் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு பங்கு உற்பத்தி செய்வான், உங்களைப்போலக் கொடி பிடிக்க மாட்டான். லேபர் ஆபீசர் சொன்னான், கலெக்டர் சொன்னான், போன வாரம் விமான நிலையத்தில் அழைக்க வந்த கம்ப்யூட்டர் தம்பிகூட, சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதையே சொன்னான், சார் இங்க ஸ்ட்ரைக்கே கிடையாது சார், கோவம் வந்தா எக்ஸ்ட்ரா வேலை பாப்பாங்க சார். "உங்க ஊரில், ஸ்ட்ரைக் என்றால், கறுப்புப் பட்டை, டபுள் புரொடக்‌ஷன், உண்மையா?" என்று கேட்டார். சிஹோ தலையைச் சாய்த்தாள். மறுபடி கேட்டார், கையில் பட்டை கட்டுவதுபோல் காட்டி. அவள் யோசித்தாள், ரொம்ப மரியாதையாக யோசித்தாள். "அப்படி ஒன்று நான் கேள்விப்பட்டதே இல்லை. கோபம் வந்தால் ஏன் இரண்டு பங்கு வேலை செய்ய வேண்டும்?" என்றாள். அதானே, ஏன் செய்ய வேண்டும்! பிச்சைமுத்து சிரித்துவிட்டார், சத்தமாகவே, முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை திரும்பியது. "என் அப்பா ரயிலில் டிரைவர். அவர் ஸ்ட்ரைக் செய்திருக்கிறார். அம்மாவுக்கு ரொம்பக் கோபம்" என்று சிஹோ சேர்த்துச் சொன்னாள். முப்பது வருஷம் அத்தனை பேச்சுவார்த்தையிலும் இவருடைய வாயை அடைத்த பொய், ஒரு ரயில் டிரைவர் மகளுக்குக் காதில்கூட விழாத பொய். எத்தனை போனஸை அந்தப் பொய்யில் விட்டோம். மடையர்கள் நாம், மறுத்துப் பேச ஒருத்தனுக்கும் ஜப்பான் தெரியாது. இப்போது எனக்குத் தெரியும், இப்போது மேசையும் இல்லை, எதிரில் ஆளும் இல்லை, மில்லே இல்லை, இருந்த இடத்தில் கல்யாண மண்டபம்.

மில் இல்லை, சங்கம் இல்லை, சீனியம்மா இல்லை. தை மாதம் அடுக்களையில் விழுந்தார். வழுக்கவில்லை, தடுக்கவில்லை, நின்றுகொண்டிருந்த கால் திடீரென்று இல்லாமல் போயிற்று. முகத்துக்கு நேரே எறும்பு வரிசை, அஞ்சறைப்பெட்டிக்கு அடியிலிருந்து புறப்பட்டு அவர் மூக்கைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கூப்பிட வாயில் சத்தம் வரவில்லை. மைக் இல்லாமல் மூவாயிரம் பேருக்குக் கேட்க வைத்த தொண்டை, பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கேட்க வைக்கவில்லை. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரைக்கு வந்தது. ஒண்ணுக்குப் போய்விட்டது. செல்வி தயிர் உறைக்கு மோர் கேட்டு வந்தவள்தான் பார்த்தாள். பாத்து என்ன, உசிரோடதான இருக்கேன், மகளுக்குச் சொல்லிராத என்று அவளிடம் சத்தியம் வாங்கினார். அதற்கப்புறம் ஒவ்வொரு நாள் காலையிலும் காலை ஊன்றும்போது இது நிற்குமா என்று ஒரு கணம் நினைக்காமல் ஊன்ற முடியவில்லை. இப்போதும், இந்த மெத்தை இருக்கையில், கட்டைவிரலை அசைத்துப் பார்த்தார், அசைந்தது. பயம். த்தூ. அந்தப் பயம்தான் வெயிலுமுத்துவுக்குப் போன் போட வைத்தது. ஜெயிலில் ஒரே கொட்டடியில் ஒரே சட்டியில் தின்ற வெயிலுமுத்து, பிறகு கட்சி மாறி, இன்னும் ஒரு தடவை மாறி, இன்றைக்கு எம்.எல்.ஏ. வாழ்க்கையில் அவனிடம் ஒரு உதவி கேட்டதில்லை, அவன் பெயர் போட்ட நிழற்குடையில் பஸ்ஸுக்கு நின்றதில்லை, வெயிலில் நிற்பார். "அடேய் பிச்ச, நீயா! எவன் செத்தான்?" என்றுதான் எடுத்தான். "எவனும் சாகல. என் மகளுக்கு ஒரு எடம் வேணும். மியூசிக் டீச்சர், எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும்." வெயிலுமுத்து சிரித்தான், நல்ல சிரிப்பு, பல வருஷமாகக் காத்திருந்தவன் சிரிக்கிற சிரிப்பு. "உங்கிட்ட இருந்து இந்தப் போன் வர்றதுக்காகவே நான் கட்சி மாறினதுன்னு வச்சுக்கோயேன். வரச் சொல்லு, உக்கார வச்சிருவோம்." இடம் தயார். அவளுக்குத்தான் இன்னும் தெரியாது. தேர்வு முடிந்து, தோற்று, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருவாள், அப்போது தோளில் கையைப் போட்டு, விடு தாயி, இவனுக கெடக்கானுக, நம்ம ஊருக்கு வா, என்று சொல்ல வேண்டியதுதான். அந்த வாக்கியத்தை விமானத்திலேயே தயார் செய்துவிட்டார். அது நல்ல வாக்கியம். அதற்கு ஒரு டிங் போதும்.

ஜெயக்கொடி வந்தாள். கறுப்புச் சேலை கட்டியிருந்தாள், சீனியம்மாவுடையது, சாவு வீட்டுக்கு மட்டும் கட்டுகிற சேலை என்று அவள் அலமாரியில் வைத்திருந்தது, இந்தப் பிள்ளை அதைக் கொண்டுவந்து மேடையில் கட்டியிருக்கிறது, கட்டியிருக்கிற விதத்தில் அது சாவுச் சேலையாகவே தெரியவில்லை. குனிந்தாள், மற்றவர்கள் குனிந்த அளவுக்கே. அந்தக் குனிவைப் பார்க்கப் பிடிக்காமல் பிச்சைமுத்து கூரையைப் பார்த்தார். உட்கார்ந்தாள், பித்தளையை மடியில் ஏற்றினாள், பியானோக்காரனைப் பார்த்துக் கண்ணாலேயே ஆரம்பி என்றாள். அதிகாரமாகத்தான் சொன்னாள். அது பரவாயில்லை. ஆரம்பம் ஓட்டமும் சாட்டமுமாக இருந்தது, வெள்ளைக்காரன் எவனோ எழுதியது, கழித்து விட்டுருங்க என்றாளே, கழித்து விட்டார். ஆனால் மூச்சு கேட்டது. ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இழுக்கிற மூச்சு, மேலிருந்து விழுகிறவன் பிடி கிடைத்ததும் இழுப்பானே அந்த மாதிரி, இத்தனை தூரத்துக்குப் பின்வரிசை வரைக்கும் கேட்டது, அவருடைய நெஞ்சும் கூடவே இழுத்தது. ஒரு இடத்தில் அவள் மூச்சு பிந்தியது, சுரம் லேசாகக் கம்மியது, பிச்சைமுத்துவுக்குச் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை, கையிலிருந்த மிட்டாய்க் காகிதம் கசங்கியது. கிழவியின் கை மேசைமேல் இருந்தது. மணிக்கும் கைக்கும் ஒரு சாண் இருக்கும். அந்தச் சாண் இடைவெளியையே பார்த்தார். வேண்டாம். தட்டு. இன்னும் கொஞ்சம் போகட்டும். தட்டித் தொலை. ஓட்டம் தணிந்தது. பியானோக்காரன் இரண்டே இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றித் தொட்டான், சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதுபோல, அதற்குமேல் அவளுடைய சத்தம் வந்து உட்கார்ந்தது. அதற்கு அவரிடம் வார்த்தை இல்லை. பெரிதாக இல்லை, உயரமாக இல்லை, மனுஷக் குரல்போல் இருந்தது, ஆனால் எந்த மனுஷன் என்று தெரியவில்லை, ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, அதையே வேறு விதமாகச் சொல்லப் பார்க்கிற குரல், கேட்கிறவனைக் கெஞ்சாத குரல், யாருக்கு எதிராக என்று கேட்ட மடையன் யார், இதோ சொல்லப்போகிறது, இதோ, அடுத்ததில் சொல்லிவிடும், என்று பிச்சைமுத்து முன்னால் சாய்ந்தார்.

டிங்.

எழுந்துவிட்டார். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை, காலை நம்பலாமா என்று யோசிக்கவில்லை, உடம்பு தானாக எழுந்தது, வலது கை தோளுக்குமேல் போயிற்று, வாய் திறந்தது. எவடி நீ அவளை நிறுத்த? முழுசாக் கேளு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு போதும்னு. உள்ளே இத்தனையும் தெளிவாக வரிசையாக நின்றது, தமிழில் நின்றது, இந்தச் சபைக்குத் தமிழ் என்ன, ஆங்கிலத்தில் என்ன, விக்டிமைசேஷன் என்பதா, அன்ஃபேர் லேபர் பிராக்டீஸ் என்பதா, வாய் திறந்தபடியே நின்றது. இருபது தலைகள் திரும்பின. மேடையில் ஜெயக்கொடி வாத்தியத்தோடு பாதி எழுந்த நிலையில் அவரைப் பார்த்தாள், முகத்தில் ரத்தம் இல்லை. தோற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தவர் எங்கே போனார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மணி அவர் கேட்ட மணி, அவருக்காகவே அடித்த மணி, ஊருக்கு வா என்ற வாக்கியத்துக்கு வழிவிட்ட மணி, அதற்கு எதிராகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கிழவி இருக்கையைத் தள்ளி எழுந்தாள். அவருடைய தோலை, வேட்டியை, தூக்கிய கையைப் பார்த்தாள், மேடையில் நின்ற பெண்ணைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, அதாவது அவளுக்கு அவள் ஊர்ப்படி புரிந்துவிட்டது: பெண்ணின் தகப்பன், அத்தனை தூரத்திலிருந்து வந்தவன், நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு எழுந்து நன்றி சொல்கிறான், கையைத் தூக்குவது அவர்கள் ஊர் வழக்கமாக இருக்கும். கைகளைத் தொடையில் ஒட்டி வைத்துக்கொண்டு கிழவி குனிந்தாள். ஆழமாக, நிதானமாக. மற்ற நாலு பேரும் இருக்கைகள் கிரீச்சிட எழுந்தார்கள், அவர்களும் குனிந்தார்கள். ஐந்து உச்சந்தலைகள், ஒன்று வழுக்கை, அவரை நோக்கி. வாழ்க்கையில் எந்த நிர்வாகமும் அவருக்கு முன்னால் எழுந்து நின்றதில்லை. இப்படிச் செய்தால் மனுஷன் எப்படிச் சண்டை போடுவான்? என்ன கேவலமான தந்திரம், இதைத் தந்திரம் என்றே தெரியாமல் செய்கிறார்களே. தூக்கிய கை இறங்கியது. கழுத்து கனத்தது. லத்திக்குக் குனியாதது, முதலாளிக்குக் குனியாதது, சாமிக்கும் குனியாதது, ஒரு கிழவியின் நரைத்த வகிட்டுக்கு முன்னால் தானாக மடங்கியது, பிச்சைமுத்து குனிந்தார், குனிந்த இடத்தில் தன்னுடைய செருப்பையும் தரையின் பளபளப்பையும் பார்த்தார், எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்று தெரியாமல் அப்படியே இருந்தார். சிஹோதான் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தாள்.

வெளியே நடைகூடத்தில் சிஹோ ஜெயக்கொடியிடம் படபடவென்று ஜப்பான் பாஷையில் கொட்டினாள், இவரைக் காட்டி, நெஞ்சில் கைவைத்து. சிஹோவுக்குக் கண் கலங்கிவிட்டது, இவர் நன்றி சொன்னதாகவே அவளும் நினைத்துக்கொண்டாள் என்பது புரிந்தது. இவரைப் பார்த்து இன்னொரு தடவை குனிந்துவிட்டு, பேச விடவேண்டும் என்று கொஞ்சம் தள்ளிப்போய் ஜன்னல் ஓரம் நின்றாள். நல்ல பிள்ளை. ஜெயக்கொடி பெட்டியைத் தரையில் வைத்தாள். "யப்பா. எதுக்கு எந்திரிச்சீங்க?" "கும்புடத்தான். வாத்தியார்களுக்கு." "பொய். கை மேல போச்சு, பாத்தேன். சண்டைக்குத்தான எந்திரிச்சீங்க?" "மணியடிச்சா எந்திரிக்காம?" "அடக் கடவுளே" என்று அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிச்சைமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது, எத்தனை வருஷம் ஆயிற்று இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து. "மணி எல்லாருக்கும் அடிப்பாங்கப்பா. நேரம் ஆச்சுன்னு அர்த்தம். முதல் பரிசு வாங்குறவனுக்கும் அடிப்பாங்க." "அப்ப நீ தேறிருவியா?" சிரிப்பு நின்றது. "தெரியல. ஒரு எடத்துல மூச்சு பிந்திட்டேன். அடுத்த வாரம் சொல்லுவாங்க." பெட்டியின் பூட்டைத் திறந்தாள், மூடினாள். "யப்பா, செல்வியக்கா போன்ல சொல்லிட்டா. நீங்க விழுந்து கெடந்தத." அந்தச் சிறுக்கி, சத்தியம் பண்ணியும். "தேறினாலும் நான் வந்துரட்டுமா? மேல படிக்கல. இங்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ராத்திரி போன் அடிச்சாலே நெஞ்சு திக்குங்குது. அங்கேயே ஏதாவது ஸ்கூல்ல கெடைக்காதா? நீங்க சரின்னு சொல்லுங்க, இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."

அவள் தன் வாயாலேயே சொல்கிறாள். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், தோற்கக்கூட வேண்டாம், சரி என்றால் போதும். வெயிலுமுத்துவின் பெயர் நாக்குநுனிக்கு வந்து நின்றது. அன்றைக்கு விழுந்து கிடந்த அடுக்களைத் தரை மறுபடி கன்னத்தில் குளிர்ந்தது. காலையில் ஒரு ஆள் எழுந்து நடமாடுகிற சத்தம், பாத்திரம் உருள்கிற சத்தம், யப்பா காப்பி என்கிற சத்தம், இவ்வளவும் ஒரு ‘சரி’க்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்த மெதுவான பகுதியை அவள் பள்ளிக்கூட மைதானத்தில் யாருக்கு ஊதுவாள்? கொடியேற்றத்துக்கு, வெயிலுமுத்து வரும்போது வரவேற்புக்கு, அவன் காரிலிருந்து இறங்கி, பிச்ச மக தானம்மா நீ என்று கன்னத்தில் தட்டுவான். வேண்டாம் தாயி, இங்கேயே இரு என்று சொல்லலாம். அன்பாகச் சொன்னால் இவள் கேட்க மாட்டாள், அழுவாள், கட்டிக்கொள்வாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிடுவாள். அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஆளைக் கோபப்படுத்தி நிமிர வைக்கிற வேலை. "வந்து?" என்றார். "வந்து... ஏதாவது..." "எவன் உனக்கு வேலை வச்சிருக்கான்? தேவசகாயம் செட்டோட எழவு வீட்டுல ஊதப் போறியா? முதலாளி போட்ட பிச்சையில படிச்ச படிப்பு, அதையும் முழுசா முடிக்கத் துப்பில்ல. மூச்சு பிந்திருச்சுன்னதும் அப்பன் விழுந்தான்னு சாக்கு. யாரு கேட்டா உன் வைத்தியத்த? செல்வி இருக்கா, ஊர் இருக்கு, பாத்துக்கிடும். பாதிப் போராட்டத்துல பின்வாசல் வழியா நுழையுறவளுக்கு எங்க ஊர்ல பேரு என்னன்னு தெரியும்ல? கருங்காலி." வேலைநிறுத்தத்தை முறித்து உள்ளே போனவர்களைச் சொல்கிற வார்த்தை. அதைச் சொன்னதற்காக ஆட்கள் வெட்டிக்கொண்டது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அந்த வார்த்தை என்றால் என்ன என்று தெரிந்த வீட்டில்தான் அவள் வளர்ந்தாள்.

ஜன்னல் ஓரத்தில் சிஹோ திரும்பிப் பார்த்தாள், ஒரு வார்த்தை புரியாமலே முகம் வெளிறியிருந்தாள். ஜெயக்கொடி அழவில்லை. அவரை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பிச்சைமுத்து அறிவார், மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்க்கிற பார்வை, தானே எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தது, இன்றுவரை அது தன்மேல் விழுந்ததில்லை. "நாலு வருஷத்துல ஒரு தடவ வந்தீங்க. இதச் சொல்லத்தான் வந்தீங்களா?" என்றாள். "ஆமா." "சரி. நான் வரல. இனிமே கேக்கவும் மாட்டேன்." பெட்டியை முதுகில் ஏற்றி வாரை இழுத்துக் கட்டினாள், சாவுச் சேலையைத் தூக்கிச் செருகினாள், முதுகு நேராக இருந்தது. இனி இவள் தேறிவிடுவாள், தேறாவிட்டாலும் எவன் காலையாவது மிதித்துக்கொண்டு இங்கேயே நின்றுவிடுவாள், நாசமாய்ப் போகிற பிடிவாதம், யாருடைய ரத்தம். அவள் சிஹோவைக் கூப்பிட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். பின்னால் போனால் சமாதானம் பேசிவிடுவோம் என்று தெரிந்ததால், காலடிச் சத்தம் கீழே இறங்கி முடிகிறவரை பிச்சைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.